கடைசி எழுத்தின் மேல் ஒரு கோடு

2011 செப்டம்பர் 26, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வெப்பநிலை முப்பத்து நான்கு டிகிரி ஃபாரன்ஹீட், உறைநிலைக்குச் சற்று மேலே. காற்று இல்லை. கனடா எல்லையாக ஓடும் செயின்ட் ஜான் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி சாலையைக் கடந்து, டெய்கிள் வீட்டு வயலின் முதல் நான்கு சால்களை மூடி, ஐந்தாவதில் நின்றிருந்தது. அந்த ஐந்தாவது சாலில் மண்டியிட்டிருந்த நோர்மாண்ட் டெய்கிள் கையால் ஓர் உருளைக்கிழங்கைத் தோண்டியெடுத்து, இறைச்சியின் பதம் பார்க்கும் வெப்பமானியை அதில் செருகிக் காத்திருந்தார். முள் நாற்பத்தொன்றில் நின்றது. நாற்பத்தைந்துக்குக் கீழே இருக்கும்போது இயந்திரத்தை விட்டால் கிழங்கு உள்ளுக்குள் கன்றிவிடும். அன்று அது தெரியாது. டிசம்பரில் கிடங்கைத் திறக்கும்போது தெரியும்.

அவர் வீட்டுக்குள் வந்து, பூட்ஸைக் கழற்றாமல் வாசல் பாயிலேயே நின்று அறிவித்தார்.

"இன்னும் நாலு டிகிரி வேணும்."

"அப்ப உக்காரு, காப்பி குடி" என்றாள் அவர் மனைவி லூசீல். "நீ முறைச்சுப் பாத்தா மண்ணு சூடாயிடுமா?"

அவள் மரக்கோதுமை மாவைக் கல்லில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் இதற்குப் பிளோய் என்று பெயர். ஒரு பக்கம் மட்டுமே வேகும். மேற்பரப்பு முழுவதும் கண் கண்ணாகத் திறந்ததும் எடுத்துவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயது யோலிமா வழக்கமான ஐயத்தை வழக்கமான பணிவோடு எழுப்பினாள்.

"இன்னிக்காவது திருப்பிப் போடுவீங்களா?"

"திருப்பிப் போட்டா அது பிளோய் இல்ல."

"இந்தப் பக்கம் வேகலையே."

"ரெண்டு வருசமா வேகாததைத்தான் தின்னுக்கிட்டு இருக்க. வளந்துதானே இருக்க?"

யோலிமா இதை ஆராய்ந்து, ஏற்றுக்கொண்டு, பிளோயில் வெண்ணெய் தடவிச் சுருட்டினாள். பிறகு காலடியில் நின்ற நாயிடம் திரும்பி, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கால் படுது" என்றாள். அவள் பிறந்த கொலம்பிய மலைப்பகுதியில் எல்லாரையும் மரியாதைப் பன்மையில்தான் விளிப்பார்கள். குழந்தை, கழுதை, திருடன் எவருக்கும் விலக்கில்லை. அங்கே பெற்றோரை இழந்து, பத்து வயதில் இங்கே வந்தவள் அந்த வழக்கத்தையும் உடன் கொண்டுவந்திருந்தாள். டெய்கிள் வீட்டு நாய் இந்த இரண்டு ஆண்டுகளில் நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்டது என்பது அண்டைவீட்டார் கருத்து.

ஃபிரிட்ஜின் கதவில், மாட்டு வடிவக் காந்தத்தின் கீழே, ஒரு படிவம் தொங்கியது. அதுதான் அந்த வீட்டின் விவகாரம்.

அதுவரை இருந்த தாள்களின்படி நோர்மாண்டும் லூசீலும் அவளுடைய காப்பாளர்கள் மட்டுமே. பெற்றோர் ஆக்க வேண்டியது எங்கள் மாவட்ட நீதிமன்றம். நடவு, களையெடுப்பு, அறுவடை, பனி என்று இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டதில், ஆகஸ்டில் யோலிமாவுக்குப் பன்னிரண்டு நிறைந்துவிட்டது. பன்னிரண்டு நிறைந்த பிள்ளை தன் கைப்பட ஒப்புதல் தர வேண்டும் என்றார் வக்கீல். அக்டோபர் 7, வெள்ளி, நண்பகலுக்குள் நீதிமன்ற அலுவலகத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, ஒரு படிவத்தையும் கொடுத்தார். அதில் கேள்விகள் மூன்று. தத்துக்குப் பின் உன் பெயர் என்னவாக இருக்க வேண்டும்? இவர்கள் இருவரையும் நீ எவ்வாறு அழைக்கிறாய்? இவர்கள் உன் பெற்றோர் ஆவது உனக்குச் சம்மதமா? அதன் கீழே கையெழுத்து.

யோலிமா முதல் கேள்விக்குத் தன் பழைய குடும்பப் பெயரையும் விடாமல் 'யோலிமா ஃபொன்சேகா டெய்கிள்' என்று எழுதினாள். இரண்டாவதில் லூசீலின் பெயருக்கு எதிரே, தன் தாய்மொழியான ஸ்பானியத்தில், மமா என்று எழுதினாள். நோர்மாண்டின் பெயருக்கு எதிரே பேனாவை நிறுத்தினாள். நிறுத்தியது நிறுத்தியதுதான். ஒரு கேள்வியை முடிக்காமல் அடுத்ததற்குப் போகும் பிள்ளை அல்லள் அவள். ஆகவே மூன்றாவது கேள்வியும் வெற்றிடமாகவே இருந்தது. பால் எடுக்கக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வெற்றிடம் நோர்மாண்டின் முகத்துக்கு நேரே வந்து, திரும்பிப் போயிற்று.

அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணி வரைக்கும். ஏனெனில் அவள் தன்னை எப்படி அழைக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும், ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் அவரே சொல்லியிருக்கிறார். வந்த மூன்றாம் நாள், கிடங்குக்குள் நின்று, அவரைப் பார்த்து 'பாப்ப' என்றாள் அவள். எங்கள் பள்ளத்தாக்கு பிரெஞ்சு பேசும் பள்ளத்தாக்கு. இங்கே தகப்பனை அழைக்கும் சொல்லும் ஏறக்குறைய அதுவே. நோர்மாண்ட் தன் தகப்பனை அப்படித்தான் அழைத்தார். அன்று அவர் கிடங்கின் பின்புறம் போய், வேலை ஏதுமில்லாத இடத்தில் சிறிது நேரம் வேலை செய்துவிட்டு வந்தார். அதன்பின் அந்தச் சொல் காதில் விழுந்தால் எதைப் போட்டுவிட்டும் ஓடிவருவார்.

பத்து மணிக்குக் கிழங்கு நாற்பத்தாறு டிகிரிக்கு வந்தது. நோர்மாண்ட் ஓட்டியது பழைய டிராக்டர், அதற்குக் கூண்டு இல்லை. அது இழுத்த அறுவடை இயந்திரத்தின் மேல், ஓடும் பட்டையின் இடப்புறம் லூசீலும் யோலிமாவும் நின்றார்கள். வலப்புறம் அந்த ஆண்டுதான் எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்த ஹோண்டுராஸ்காரர் வில்மரும், பக்கத்து வீட்டிலிருந்து வந்த நானும். மண்ணோடும் செடித்தண்டோடும் வரும் கிழங்கை விட்டுவிட்டுக் கல்லையும் கட்டியையும் பொறுக்கி எறிவது எங்கள் வேலை. அறுவடைக்காகப் பள்ளிக்கூடம் மூன்று வாரம் மூடியிருந்தது. பக்கத்தில் லாரியை ஓட்டிக்கொண்டு வந்தவர் கில்மன் உலெட். நோர்மாண்டின் ஒன்றுவிட்ட சகோதரர். வாயை மூடும் உறுப்பு அவருக்கு வளரவில்லை.

"லூசீல், உன் பக்கம் கல்லு வருதா, இல்ல உன் புருசன் தலை உடைஞ்சு வருதா?"

"ரெண்டும் ஒண்ணுதான் கில்மன், நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

"இங்க ஏது ரோடு?"

அந்த நேரத்தில் குழந்தைத் தலையளவு கிழங்கு ஒன்று சங்கிலிக்கும் உருளைக்கும் நடுவே சிக்கியது. பட்டை அலறியது. நிறுத்துமணி அந்த ஆண்டு வேலை செய்யவில்லை, குரல்தான் மணி. யோலிமா கம்பியைப் பிடித்து எம்பி, மூச்சுள்ளவரை கத்தினாள்.

"பாப்ப! பாப்ப!"

டிராக்டர் நின்றது. நோர்மாண்ட் குதித்து, கால் மடங்கி, எழுந்து ஓடிவந்தார். "எங்கம்மா? கையா? கையக் காட்டு!"

"கை இல்ல. பாப்ப" என்று யோலிமா சங்கிலியைச் சுட்டினாள்.

"இதோ வந்துட்டேன்மா, இங்கதான் இருக்கேன்!"

வில்மர் முதலில் இருமுவதுபோல் சிரித்தார். பிறகு அடக்க முடியாமல் வெளிப்படையாகவே சிரித்தார். "முதலாளி, அவ உங்களக் கூப்பிடல. கிழங்கு மாட்டிக்கிச்சுங்கறா."

"என்ன?"

"பாப்பன்னா எங்க ஸ்பானிஷ் பாஷைல உருளைக்கிழங்கு."

நோர்மாண்ட் சங்கிலியில் சிக்கிய கிழங்கைப் பார்த்தார். பிறகு லாரியிலிருந்து கில்மனின் குரல் வந்தது.

"அடக் கடவுளே! ரெண்டு வருசமா 'எம் பொண்ணு என்னை எப்படிக் கூப்பிடறா பாத்தியா'ன்னு பாதிரியார் வரைக்கும் புடிச்சு வெச்சுச் சொன்னியே! கிழங்குன்னு கூப்பிட்டிருக்கா! போன கிறிஸ்மஸ்ல மேடையேறி வேற சொன்னியேய்யா!"

எல்லாரும் சிரித்தோம். லூசீல் கூடக் கையுறையால் வாயை மூடிக்கொண்டாள். நோர்மாண்டும் சிரித்தார், தேவையான அளவுக்கு மட்டும். சிக்கிய கிழங்கைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, ஏதோ உடைமையைத் திருப்பித் தருவதுபோல் பட்டையின் மேல் வைத்துவிட்டு, டிராக்டருக்குத் திரும்பினார். யோலிமா சிரிக்கவில்லை. அவளுடைய முகம் காதுவரை சிவந்திருந்தது.

பிழையின் வேர் எங்கே என்பது அன்று மாலைதான் தெரிந்தது. யோலிமா லூசீலிடம் சொன்னாள். வந்த முதல் நாள் அவளுக்கு நோர்மாண்டை அறிமுகப்படுத்தியவர் கில்மன். 'இவன்தான் பட்டாட்' என்றார். எங்கள் பிரெஞ்சில் பட்டாட் என்றால் உருளைக்கிழங்கு; நோர்மாண்டுக்குப் பள்ளிநாள் முதல் அதுவே பட்டப்பெயர். ஸ்பானியத்திலும் அதை ஒத்த சொல் இருப்பதால் யோலிமாவுக்கு அது புரிந்தது. ஆனால் அவள் ஊரில் கிழங்குக்குப் பேர் பாப்ப. ஆகவே மூன்று நாள் யோசித்துப் பட்டப்பெயரை மொழிபெயர்த்து, அன்போடு அழைத்தாள்.

"அவருக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள் யோலிமா. "கூப்பிட்டா அவ்வளவு சந்தோசமா ஓடி வருவாரே."

மறுநாள் முதல் அவள் அவரை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்த வேண்டுமானால் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். மலைமேட்டில் மாடு திருப்பிய விசில். ஆற்றின் மறுகரையில், கனடாவில், ஒருவர் திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி.

"என்ன பட்டாட்" என்றார் கில்மன், "கிழங்கா இருந்த, இப்ப மாடாயிட்ட. முன்னேற்றந்தான்."

நோர்மாண்ட் விசில் வந்தால் நிறுத்தினார். மறுபடி விசில் வந்தால் வண்டியை எடுத்தார். சாப்பாட்டு மேசையில், "உப்பு வேணுங்களா?" என்று அவள் முகம் பார்க்காமல் கேட்பாள், "குடும்மா" என்று அவர் உப்பைப் பார்த்துச் சொல்வார். படிவத்தில் 'மமா' என்ற சொல்லின் கடைசி எழுத்துத் தலையில் சாய்வாக ஒரு சிறிய கோடு இருப்பதை அந்த வாரந்தான் அவர் கவனித்தார். ஈ உட்கார்ந்த தடம் என்று முதலில் எண்ணினார்.

அடுத்த புதனன்று மழை. ஈர மண்ணில் இயந்திரத்தை விட முடியாது. கொட்டகையில் வில்மர் சங்கிலிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். நோர்மாண்ட் உள்ளே வந்து, தேவையற்ற ஒரு திருகியைத் தேடி, கண்டெடுத்து, திரும்ப வைத்துவிட்டுக் கேட்டார்.

"வில்மர். அப்பான்னா உங்க பாஷைல என்ன?"

"பப்பா."

"அதானே அவளும் சொன்னா!"

"இல்ல முதலாளி. அவ சொன்னது பாப்ப. முதல்ல அழுத்தினா கிழங்கு. கடைசில அழுத்தினா அப்பா." வில்மர் லாரிக் கதவின் புழுதியில் விரலால் இரண்டு முறை எழுதினார். இரண்டும் ஒரே சொல்லாகத் தெரிந்தன. பிறகு இரண்டாவதன் கடைசி எழுத்தின் மேல் ஒரு சாய்ந்த கோட்டை இழுத்தார். "எழுதறப்போ இதான் வித்தியாசம்."

"இத்தனூண்டு கோட்டுலயா விசயம் இருக்கு?"

"சும்மாவா? கோட்டத் தப்பா போட்டா டீச்சர் கையிலயே போடுவாங்க. 'எங்கப்பாவ வேகவெச்சு உப்புப் போட்டுத் தின்னேன்'னு ஆயிடும்ல?"

நோர்மாண்ட் அந்தப் புழுதியை நெடுநேரம் பார்த்தார். அன்று மாலை லாரியைக் கழுவ வந்த கில்மனை, அந்தக் கதவை மட்டும் விட்டுவிடச் சொன்னார். வியாழனன்று மழை விட்டது. டிராக்டரில் போகும்போது அவருடைய உதடு அசைந்ததை நாங்கள் பார்த்தோம். ஜெபம் என்று கில்மன் நினைத்தார்; எனக்கு அது ஒலிப்புப் பயிற்சியாகத் தோன்றியது.

அன்று ஐந்து மணிக்கு, கோழிக் குழம்பு அடுப்பில் கொதிக்க, லூசீல் அவரைப் பிடித்தாள்.

"நாளைக்கு மத்தியானத்தோட முடியுது. நீயே கேட்டுடேன், நோர்மா."

"கேக்க மாட்டேன்."

"ஏன்? வாய் வலிக்குதா?"

"சட்டம் அவளக் கேக்கச் சொல்லுது, என்னைய இல்ல. நான் போய் முன்னால நின்னா அவ மாட்டேன்னு எப்படிச் சொல்லுவா? நாயையே நீங்கங்கற பொண்ணு லூசீல். மனசு இல்லாட்டியும் சரிங்கன்னுதான் சொல்லுவா. அப்படி ஒரு சரிங்க எனக்கு வேணாம்."

லூசீல் கரண்டியைக் கீழே வைத்தாள். "சம்மதம் இல்லன்னா நினைக்கிற?"

"உனக்கு எழுதிட்டா. எனக்கு எழுதல. நான் என்ன நினைக்கிறது? கிழங்குன்னாவது கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. இப்ப அதுவும் போச்சு."

வெள்ளிக்கிழமை காலை ஃபிரிட்ஜின் கதவு வெறுமையாக இருந்தது. காந்தம் இருந்தது, தாள் இல்லை. நோர்மாண்ட் பாலை எடுத்தார், கதவை மூடினார், பாலை ஊற்ற மறந்து காப்பியைக் கறுப்பாகவே குடித்தார். குப்பைக் கூடையை ஒருமுறை பார்த்தார். யோலிமா கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, நான்கு பிளோய் சாப்பிட்டு, நாயிடம், "வர்றீங்களா?" என்று கேட்டு வெளியேறினாள்.

கடைசி வயல் அது. ஒன்பதரைக்கு நாற்பத்தேழு டிகிரி. வானம் துடைத்த தட்டுப்போல் இருந்தது. ஓரத்து மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. இன்னும் ஆறு சால்கள் மீதமிருக்கும்போது, பத்தேமுக்காலுக்கு விசில் வந்தது.

டிராக்டர் நின்றது. ஆனால் இந்தமுறை சங்கிலியில் எதுவும் சிக்கவில்லை. நோர்மாண்ட் சுற்றிவந்து பார்த்தார், லூசீலைப் பார்த்தார், லூசீல் தோளைக் குலுக்கினாள். யோலிமா மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச வாயைத் திறந்தாள், மூடினாள். ஆகவே அவர் முதலில் பேசினார்.

"யோலிமா. விசில் வேணாம்மா."

"கிழங்குன்னு கூப்பிட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். கில்மனுக்கு வேற என்ன வேலை?"

"நான் பாட்டுக்குச் சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்றார் கில்மன், லாரியிலிருந்து.

"நீ கிழங்குன்னே கூப்பிடு" என்றார் நோர்மாண்ட். "நான் வருவேன். தாளுக்காகச் சொல்லல. தாளு உன் இஷ்டம்."

யோலிமா அவரைக் கூர்ந்து பார்த்தாள். "ரெண்டு வருசமா நீங்க என்னன்னு நினைச்சு ஓடி வந்தீங்க?"

இரண்டு நாள் பயின்ற சொல் அது. நோர்மாண்ட் தொப்பியைக் கழற்றினார், தொண்டையைச் செருமினார், பதற்றத்தில் முதலெழுத்தையும் நீட்டி இறுதியெழுத்தையும் நீட்டினார்.

"பாப்பா."

அவ்வாறு சொன்னால் அது கிழங்கும் அன்று, தகப்பனும் அன்று. வில்மர் கண்ணை மூடிக்கொண்டார். யோலிமாவின் வாயோரம் பதினோரு நாளுக்குப்பின் அசைந்தது.

"அப்படி இல்ல. முதல்ல குட்டியா. கடைசிலதான் பெருசா. பப்பா."

"பப்பா."

"ஆமா." அவள் கம்பியிலிருந்து இறங்கி அவர் எதிரே மண்ணில் நின்றாள். "அதுக்கு ஒரு கோடு உண்டு. கோர்ட்டுத் தாள்ல கிழங்குன்னு எழுதக் கூடாது, ஜட்ஜ் சிரிப்பாரு. கோடு போட்டு எழுதணும்னா உங்களக் கேக்கணும். கேக்காமப் போட்டா எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கேக்கலாம்னு பாத்தா, அன்னிக்கு நீங்க சிரிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டீங்க. வேணாம் போலன்னு நினைச்சேன்."

"வேணாமா? எனக்கா?"

"நீங்க சொல்லவே இல்லையே."

"நீ சொல்லட்டும்னு இருந்தேன்."

"நான் நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்."

"ரெண்டு பேரும் இப்படியே இருங்க" என்றாள் மேலிருந்து லூசீல். "கோர்ட்டு பன்னெண்டுக்கு மூடிடும். நான் கிறிஸ்மஸுக்கு வந்து பாக்கறேன்."

நோர்மாண்ட் தொப்பியைத் தலையில் வைத்தார், திரும்பவும் எடுத்தார்.

"எடுத்துக்கோ" என்றார். "கோட்ட எடுத்துக்கோ. எவ்வளவு பெருசா வேணும்னாலும் போட்டுக்கோ."

யோலிமா கம்பளிச் சட்டையின் பூட்டை இறக்கி, உள்ளிருந்து, நான்காக மடித்த தாளை எடுத்தாள். பிறகு இரு கையையும் பார்த்தாள்.

"பேனா இல்லீங்களே."

லாரி நடைகளைக் குறிக்கும் பேனா கில்மனின் காதில் இருந்தது. அவர் அதை எடுத்து, சட்டையில் துடைத்து, சன்னல் வழியே இரு கையாலும் நீட்டினார்.

"என் பேனாவா? அப்ப நானும் சித்தப்பா. ஜட்ஜ்கிட்ட சொல்லிடுங்க."

அவள் லாரியின் முன்மூடியில் தாளை விரித்து, கையுறையைக் கழற்றாமலேயே எழுதினாள். எழுதும்போது ஒருவரும் நெருங்கவில்லை. நாய்கூட உரிய தொலைவில் அமர்ந்தது. இரண்டாவது கேள்விக்கு எழுதினாள். மூன்றாவதற்கு எழுதினாள். கையெழுத்தை, கடைசிப் பெயர் இடம் போதாமல் ஓரத்தில் மேலேறும்படி, போட்டாள். மையை ஊதினாள். மணி பதினொன்று ஐந்து. நீதிமன்றத்துக்கு இருபத்தைந்து நிமிடப் பயணம். மீதமிருந்த ஆறு சால்களைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

அவள் நடந்து வந்து, தாளை அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, பப்பா."

நோர்மாண்ட் வாங்கிக்கொண்டார். மூன்றாவது கேள்வியை அவர் உடனே பார்க்கவில்லை. தம் பெயருக்கு எதிரே இருந்த சொல்லை, அதன் கடைசி எழுத்தை, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். எழுத்தின் மேல் ஈரமான வயல்மண் அப்பியிருந்தது. அவர் கட்டைவிரலால் மெல்லத் துடைத்தார். மண் போயிற்று. கோடு இருந்தது.